இளஞ்சியம் தேய்த்த ரோடு

துவரம்பாடிக்கும் துவரம்பாடி காலனிக்கும் நடுவில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தூரம் இருந்த காலத்தில், பஸ் ஊரோடு நின்றுவிடும், பால் வண்டி ஊரோடு நின்றுவிடும், சாமி தேர் ஊரைச் சுற்றிவிட்டு ஊருக்குள்ளேயே நின்றுவிடும், மழை ஒன்றுதான் யாரையும் கேட்காமல் கொள்ளாமல் எங்கள் பக்கமும் வரும். அந்தத் தூரத்தை யார் அளந்து வைத்தார்கள் என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை, எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அளந்தவன் விவரமானவன். நாங்கள் கருவாடு வறுத்தால் ஊருக்கு மணக்காது, ஊர் ஆள் வேலைக்குக் கூப்பிட்டால் வெயில் ஏறுவதற்குள் நாங்கள் வெங்காயக் காட்டில் போய் நிற்க முடியும், வேலை முடிந்ததும் யார் கண்ணையும் உறுத்தாமல் வீடு போய்ச் சேர முடியும். இப்படி எல்லாவற்றையும் யோசித்து வைத்த தூரம் அது.

அந்தத் தூரத்தைத்தான் எங்கள் இளஞ்சியம் ஓடி ஓடித் தேய்த்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஹைவேஸ் ஓரம் புதிதாக வந்த ஷூ கம்பெனியில் தையல் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் காலையில் எழுந்து ஓடுவதற்குப் போட்டுக்கொள்ளும் ஷூவின் மேல் துணியை நாள் முழுக்கத் தைப்பாள். கம்பெனி வேன் காலை ஆறு பத்துக்கு, ஊர் முகப்பில் கட்டியிருந்த வளைவுக்கு முன்னால் நிற்கும், ஆறு பதினொன்றுக்கு நிற்காது. அதனால் முதன்முதலில் அவள் ஓடியது வேனுக்காகத்தான், ஒரு கையில் டிபன் பையும் ஒரு கையில் செருப்புமாக, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு வருஷம் அப்படியே ஓடினாள். கம்பெனி ஆண்டு விழாவுக்குத் திருச்சியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தபோது பேர் கொடுத்த பெண்கள் குறைவாக இருந்ததால் சூப்பர்வைசர் இவள் பேரையும் எழுதிவிட்டார். எழுதியவரே மறந்துபோன அந்தப் பேர் மூன்றாவதாக வந்தது. மேடையில் ஒரு மிக்ஸி கொடுத்தார்கள். மிக்ஸியைவிட அவளுக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஓடிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் அவளை யாரும் பேர் சொல்லி ஏவவில்லை.

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடினாள், கோயம்புத்தூர் போய் இருபத்தொன்று ஓடினாள், அடுத்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சொச்சமும், அதற்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். தையலில் ஒரு நூல் விலகியதென்று கம்பெனி ஒதுக்கிய ஷூ ஒரு ஜோடி, சூப்பர்வைசர் கட்டிப் பழசான வாட்ச் ஒன்று, அது வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டைக் கேட்டுத் தூரம் சொல்லும், மகளின் பழைய ஸ்கூல் டிராக் பேண்ட், இவைதான் அவளுடைய ஆயுதங்கள். மெயின் ரோட்டில் சிமெண்ட் லாரி ஆளை உரசிக்கொண்டு போகும் என்பதால் காலனி ரோட்டிலேயே ஓடினாள். எங்கள் தண்ணீர் டேங்கில் ஆரம்பித்து ஊர் வளைவைத் தொடாமல் திரும்பி, மறுபடி டேங்க், மறுபடி வளைவு. ஷூ போட்ட காலோடு வளைவுக்குள் நுழைவதில்லை. நுழையக் கூடாது என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லைதான், கால் அதுவாகவே திரும்பிக்கொள்ளும்.

கட்டைவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது. தொடை இடுக்கு உரசிப் புண்ணாகித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஓடினாள். குழாயடியில் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள்.

"ஏன்டி இளஞ்சியம், ஆறு மணி வேனுக்கு நாலரைக்கே ஓடுற, யாருடி ஒன்னத் தொரத்துறா?"

"யாரும் தொரத்தல சித்தி. அதான் ஓடுறேன்."

ஆடி மாசத்து முதல் ஞாயிற்றுக்கிழமை ரோடு தேய்ந்திருந்தது. டேங்கிலிருந்து வளைவுக்கு வாட்ச் ஒன்று புள்ளி ஆறு எட்டு என்று காட்டியது. இளஞ்சியம் வாட்ச்சைத் திட்டினாள், கழற்றித் தட்டினாள், சாட்டிலைட்டையும் ஒரு வார்த்தை சொன்னாள். அடுத்த ஞாயிறு ஒன்று புள்ளி ஐந்து ஒன்பது. பயிற்சி அட்டவணைப்படி அன்றைக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் ஓடியாக வேண்டும், வழக்கமான எண்ணிக்கையை முடித்தபோது இருபத்திரண்டுகூடத் தேறவில்லை. ரோடே தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தாள்.

ரோட்டோரத்தில் வெங்காயம் போட்டிருந்த சுந்தரராசு ஊர்க்காரர், நல்ல மனிதர், சண்டை என்றால் காதுகேட்காதவர். அவர் தன் காட்டுக்குச் சொட்டுநீர் விட ரோட்டை ஒட்டியே கறுப்புக் குழாய் போட்டிருந்தார். விறைப்பாகக் கிடந்த குழாய் இப்போது நடுநடுவே தொப்பை தள்ளிக்கொண்டு நின்றது. மூன்று இடத்தில் அறுத்துச் சுருக்கினார், நான்காவது இடத்தில் தொப்பை விழுந்தது. ஒரு காலையில் இளஞ்சியத்தை மறித்து நிறுத்தினார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. ரோட்ட எங்கயாச்சும் எடுத்துக்கிட்டுப் போயிட்டியா?"

"நான் எதுக்குங்க எடுக்கப்போறேன்? எனக்கே பத்தல."

இரண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள், வாட்ச்சைப் பார்த்தார்கள், கணக்கு சரியாக இருந்தது. சுந்தரராசு மிச்சக் குழாயைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டு டீக்கடையில் போய்ச் சொன்னார். காலனிப் பொம்பளை ஓடுகிற ஓட்டத்தில் ரோடு சோப்பு மாதிரி கரைகிறது என்ற செய்தி மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் பரவியது.

ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. எவ்வளவு என்று கேட்டவர்கள்தான் அதிகம். மின்வாரியத்து ஆள் வந்து தொங்கிப்போன ஒயரை அறுத்துக் கட்டிவிட்டு, நெருக்கியடித்து நின்ற கம்பங்களில் ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார். சர்வேயர் சங்கிலி போட்டு இரண்டு பக்கத்துக் காட்டையும் அளந்தார், ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. காட்டுக்குள் இறங்கி வரப்பு வழியாக நடந்தால் பழைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அப்படியே இருந்தது, ரோட்டில் நடந்தால் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்துவிட்டு, நிலத்தில் குறையில்லை, தூரம் எங்கள் துறையில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். புரட்டாசிக்குள் ஆயிரம் மீட்டருக்குக் கீழே வந்துவிட்டது.

எங்களுக்கு அது பழகிப்போக ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஊர்க் கடையில் வாங்கிய டீ வீடு வரும்போதும் சூடாக இருந்தது. பிரசவ வலி வந்த பெண் பஸ்ஸைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதமாக வந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் போனது. ஊர்க் கோழிகள் எங்கள் கூடையில் முட்டையிட்டன, எங்கள் சேவல்கள் ஊர்க் கூரையில் ஏறிக் கூவின, பிறந்த குஞ்சுகள் எந்தப் பக்கம் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. பால் வண்டிக்காரர் ஒருநாள் ஊர் எல்லையில் பிரேக் போட்டார், வண்டி நிற்பதற்குள் காலனி வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டோம் என்று பாலை ஊற்றினார், மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது.

ஊருக்கு இது எதுவும் பெரிதாகப் படவில்லை, கருவாட்டு வாசம் வரும்வரைக்கும். உரக்கடை கோவிந்தராசு பத்து வருஷம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர், பதவி போன பிறகும் எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். ஊர்க் கடைசியில் வளைவுக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டியிருந்தார். ஐப்பசியில் அவர் மகளைப் பெண் பார்க்க நாமக்கல்லில் இருந்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேசரியை வாயில் வைத்த நேரத்தில், எங்களில் ஒருத்தி நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மூக்கை உறிஞ்சினார்கள். "காலனி பக்கத்துலயோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க் கூட்டம். ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் ஒருவர் எழுந்து ஒரு விஞ்ஞானம் சொன்னார். அந்தப் பெண் காலனியில் ஆரம்பித்து ஊரைப் பார்த்து ஓடுகிறாள், அதனால் காலனி அவள் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. நம் பையன்கள் ஊரில் ஆரம்பித்துக் காலனியைப் பார்த்து ஓடினால், அது வந்த வழியே தள்ளப்பட்டுப் போய்விடும். கேட்டவர்கள் எல்லோருக்கும் இது நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே இருபது பையன்களுக்கு உரக் கம்பெனி விளம்பரம் போட்ட மஞ்சள் பனியன் வந்தது. விடிந்தும் விடியாமலும் டிரில் மாஸ்டர் விசில் ஊத, ஊர்ப் பெண்கள் ஆரத்தி எடுக்க, இருபது பேரும் திமுதிமுவென்று காலனியைப் பார்த்து ஓடினார்கள். திரும்பி நடந்துதான் வர வேண்டும் என்பது உத்தரவு. ஒரே வாரத்தில் ரோடு முந்நூறு மீட்டர் தேய்ந்தது. துவரம்பாடி வரலாற்றில் ஊரும் காலனியும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

உத்தரவு போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆனால் மஞ்சள் பனியனில் இரண்டு பேருக்கு ஓட்டம் பிடித்துப்போனது. அதில் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்து இளஞ்சியத்தின் வழியில் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு விண்ணு விண்ணுன்னு வலிக்குது. என்னா செய்யணும்?"

ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகூட எங்கள் கிழவிகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். இளஞ்சியம் குனிந்து அவன் காலைப் பார்த்தாள். பிறகு, "ஐஸ் வையி. பத்து நாளு ஓடாத. குதிகால அடிச்சு ஓடுற, அத மாத்து," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு இரண்டு கிலோமீட்டர் அழுதுகொண்டே ஓடியதாகப் பிறகு எங்களிடம் சொன்னாள்.

கார்த்திகையில் ஊர் வேறு வழிக்கு வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள், தாண்டி ஓடினாள். ஜேசிபி வைத்துப் பள்ளம் வெட்டினார்கள். பள்ளமும் தூரம்தானே, அவள் தாண்டத் தாண்ட அதுவும் ஒடுங்கி, பத்து நாளில் ஒரு வெடிப்பாகி, பிறகு அதுவும் மூடிக்கொண்டது. கடைசியாகக் கோவிந்தராசு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்: அவள் ஓடுவதை நிறுத்தும்வரை காலனி ஆள் ஒருத்தருக்கும் வெங்காயக் காட்டில் வேலை கிடையாது. அவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவன் இளஞ்சியத்தின் புருஷன் மாசிலாமணி. அவன் சாவியை மட்டும் அன்றைக்கே வாங்கிவிட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் அவள் பக்கம் நின்றோம் என்று சொன்னால் அது பொய். டேங்கடியில் கூட்டம் போட்டோம், பாதிப்பேர் அவளைத்தான் குறை சொன்னோம். அறுவடை நேரம், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எங்களில் மூத்தவர் தண்டபாணி கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

"ஆத்தா, நீ எங்க வேணாலும் ஓடு. இந்த ரோட்டுல மட்டும் வேணாம். நம்ம என்னா, அவங்க வீட்டுக்குள்ள போயா உக்காரப் போறோம்? எதுக்கு இந்தப் பொல்லாப்பு?"

"பெரியப்பா, அவங்க ஊட்டுக்குப் போவணும்னு எனக்கு ஒண்ணும் கெடயாது. அங்க எனக்கு என்னா இருக்கு? எனக்கு வேண்டியது நாப்பத்திரண்டு கிலோமீட்டரு. ரோடு தேயுறது ரோட்டோட கொணம், அதுக்கு நான் என்னா பண்ண?"

"நிறுத்துன்னு சொல்றாங்கல்ல?"

"இத்தன வருசமா வா, போ, நில்லு, தள்ளி நில்லுன்னு சொன்னதெல்லாம் கேட்டோம். ஓடாதன்னு இப்பத்தான் மொதமொதல்ல சொல்றாங்க. இந்த ஒண்ண நான் கேக்கறதா இல்ல."

மாசிலாமணி அவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உனக்கு ஓட்டம், எனக்குப் பொழப்பு போச்சு," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முப்பத்து நான்கு கிலோமீட்டர் நீள ஓட்டம், பந்தயத்துக்கு முன்னால் கடைசிப் பெரிய ஓட்டம். அன்றைக்கு ரோட்டில் பாக்கி இருந்தது நூற்றெண்பது மீட்டர். ஓட ஓட அதுவும் குறையும், முந்நூறு தடவைக்கு மேல் திரும்ப வேண்டும், எண்ணிக்கை தப்பும், மரங்கள் நெருங்கிவிட்ட அந்தச் சந்தில் வாட்ச்சும் உளறும். டேங்கடியில் மாசிலாமணி ஒரு பக்கப் பையில் புளியங்கொட்டையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஒவ்வொரு தடவை வந்து திரும்பும்போதும் ஒரு கொட்டையை இந்தப் பையில் இருந்து அந்தப் பைக்கு மாற்றினான். இடையில் ஒரு பீடி பற்றவைத்ததில் இரண்டு கொட்டை தவறிப்போனது, அதற்கு அவள் ஓடிக்கொண்டே திட்டினாள், அவனும் உட்கார்ந்துகொண்டே திட்டினான். வேலை இல்லாமல் வாசலில் இருந்த நாங்கள் ஒவ்வொருத்தராக வந்து ரோட்டோரம் நின்றோம். யாரோ மோர் கொடுத்தார்கள், யாரோ உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். தண்டபாணிகூட ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். அவள் ஆரம்பித்தபோது நூற்றெண்பது மீட்டராக இருந்த ரோடு, முடித்தபோது நாற்பது மீட்டராக இருந்தது.

வெங்காயம் மண்ணுக்குள் இருந்தபடியே முளைக்க ஆரம்பித்தது. வெளியூர் ஆள் கிடைக்கவில்லை. முதலில் சுந்தரராசு, எதுவும் காதில் விழாதவர் மாதிரி, எங்கள் ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு காட்டில் இறங்கினார். அடுத்த வாரம் கோவிந்தராசின் காட்டைத் தவிர எல்லாக் காட்டிலும் நாங்கள்தான் நின்றோம்.

ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது ஓடுகிறவர்களின் சட்டம். இளஞ்சியம் லேசாகக் காலை உதறிக்கொள்கிற அளவுக்கு மட்டும் ஓடினாள், அந்த அளவுக்கே ரோடு முப்பதடி ஆகி, இருபதடி ஆகி, அவள் சென்னைக்கு ரயில் ஏறிய அன்று பதினோரு அடியில் வந்து நின்றது. ஊரின் கடைசி வீடான கோவிந்தராசின் மாடி வீட்டுக்கும், காலனியின் முதல் வீடான இளஞ்சியத்தின் வீட்டுக்கும் நடுவில் பதினோரு அடி. ஊர்க்காரர்களில் மானம் பார்க்கிறவர்கள் அந்தப் பதினோரு அடியில் கால் வைக்காமல், காட்டுக்குள் இறங்கி, வரப்பிலும் சேற்றிலுமாகப் பழைய ஒன்றே முக்கால் கிலோமீட்டரையும் நடந்தே காலனிக்கு ஆள் கூப்பிட வந்தார்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து அவர்கள் வந்து சேரும்வரை வேடிக்கை பார்த்தோம்.

"போயிட்டு வரட்டும்," என்றாராம் கோவிந்தராசு. "ஓடி முடிச்சிட்டா ஆசை தீந்துரும். பதினோரு அடி நமக்குப் போதும்."

சென்னையில் ஜனவரி விடியலில் ஆயிரக்கணக்கான பேரோடு அவள் நின்றாள். நெஞ்சில் நம்பர் அட்டை, இடுப்பு முடிச்சில் கடலை மிட்டாயும் கல் உப்பும். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் பயந்துகொண்டே வாட்ச்சைப் பார்த்தாள். ஒரு கிலோமீட்டர். அடுத்ததும் ஒரு கிலோமீட்டர். பட்டணத்து ரோடு அவளுக்காக ஒரு அடியும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளிடமிருந்து ஒரு அடியும் திருடவில்லை. அது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாலம் ஏறினாள், கடற்கரை ரோட்டில் உப்புக்காற்றை எதிர்த்து ஓடினாள், பாதி தூரம்வரை சிரித்த முகமாகவே ஓடினாள். முப்பதாவது கிலோமீட்டரில் சிரிப்பு போனது. முப்பத்து மூன்றில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. முப்பத்தாறில் ஷூவுக்குள் நகம் பிய்ந்து ரத்தம் நசநசத்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். தானும் உட்கார்ந்தால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. கேசரியை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் மீது வந்தது, வாங்கிக்கொண்ட சாவி மீது வந்தது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நடந்த தன் அப்பா மீது வந்தது, வளைவைக் கண்டதும் தானாகத் திரும்பிக்கொள்ளும் தன் கால் மீது எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. ஆறு மாசமாகத் தினமும் வளைவுவரை ஓடி, வளைவுவரை மட்டும் ஓடி, ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லையே என்று நினைத்தாள். கோபம் உப்புத் தண்ணீரைவிட நன்றாக வேலை செய்தது. ஐந்து மணி நேரம் நாற்பத்தொரு நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் மெடலைப் போட்ட பெண்ணின் தோளில் சாய்ந்துகொண்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது," என்று சொன்னாள். மறு நிமிஷமே, "இல்ல, பதினோரு அடி இருக்கு," என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் வளைவில் அவள் படம் போட்ட பிளக்ஸ். 'துவரம்பாடியின் தங்க மகளே வருக' என்று எழுதியிருந்தது. கோவிந்தராசு வீட்டு முன்னால் சாமியானா, மேடை, மைக், ஊர்க்காரர்களுக்கு நாற்காலி. பதினோரு அடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம், எங்களுக்கு நாற்காலி இல்லை. அவளை மட்டும் மேடை ஏற்றினார்கள். கோவிந்தராசு பொன்னாடையைப் பிரித்து, அவள் மேல் கை படாமல் தோளில் விரித்தார். பிறகு மைக்கில் பேசினார்.

"நம்ம ஊருப் பொண்ணு நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி நமக்கெல்லாம் பெருமை சேத்துருக்கு. இத்தோட ஓட்டத்த முடிச்சுக்கிட்டு, குடும்பத்தப் பாத்துக்கிட்டு, நல்லபடியா இருக்கப்போறதா சொல்லியிருக்கு."

இளஞ்சியம் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தராசு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். அவர் கெஞ்சி நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இளஞ்சியம், ஒம் புருசனுக்குச் சாவிய இன்னைக்கே தர்றேன். காலனிக்குப் பஸ் வர ஏற்பாடு பண்றேன். உனக்கு ஓட வேற எடத்துல கிரவுண்டே போட்டுத் தர்றேன். இந்தப் பதினோரு அடிய மட்டும் விட்டு வையி. வேற ஒண்ணும் கேக்கல. பதினோரு அடி."

"அத வச்சுக்கிட்டு என்னா பண்ணுவீங்க தலைவரே?"

கோவிந்தராசு அந்தப் பதினோரு அடியைத் திரும்பிப் பார்த்தார். மைக்கைப் பொத்திய கையை எடுக்கவும் மறந்துவிட்டார்.

இளஞ்சியம் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். மாரத்தான் ஓடிய மறுநாள் யாராலும் படி இறங்க முடியாது, தொடை மடங்காது. அதனால் மேடைப் படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பல்லைக் கடித்தபடி இறங்கினாள். ஊர்க்காரர்கள் தங்களைக் கும்பிட்டுக்கொண்டே இறங்குகிறாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கீழே வந்ததும் நொண்டி நொண்டி வளைவுக்கு நேராகப் போனாள். ஷூ நாடாவை இறுக்கினாள். வளைவுக்குள் புகுந்து, ஷூ காலோடு, ஊர்த் தெருவில் பத்தடி உள்ளே போய் நின்றாள். அங்கிருந்து எங்களைப் பார்த்துத் திரும்பினாள். மஞ்சள் பனியன் பையன் ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்து, "ஓடுக்கா!" என்று கத்தினான். அவன் அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அவள் ஓடினாள். அதை ஓட்டம் என்று சென்னையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணியது. வளைவைத் தாண்டினாள், மேடையைத் தாண்டினாள், அந்தப் பதினோரு அடியில் மூன்றே எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு எங்கள் பக்கம் விழுந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை, தரை ஆடவில்லை. சாமியானாவின் ஒரு கம்பு மட்டும் எங்கள் முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது, நாற்காலியில் இருந்தவர்களும் நின்றுகொண்டிருந்த நாங்களும் முழங்கை இடித்துக்கொள்கிற நெருக்கத்தில் இருந்தோம். மேடைக்கு வைத்திருந்த மிக்சர் தட்டு எங்கள் கைக்கு எட்டியது. யாரும் எழுந்து போவதற்குப் போக இடம் இல்லை.

இளஞ்சியம் யாரோடும் நின்று பேசவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், மெடலைக் கழற்றிக்கூட வைக்காமல் பாயில் விழுந்தாள். கண் அசந்த நேரத்தில், காதுக்குள்ளேயே பேசுகிற மாதிரி ஒரு குரல் அவளை எழுப்பியது. கோவிந்தராசு தன் கூடத்தில் இருந்துகொண்டு போனில் யாரிடமோ, கலெக்டர், கேஸ், கோர்ட்டு என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் இப்போது ஒரே சுவர்.

இளஞ்சியம் படுத்தபடியே கையைத் தூக்கிச் சுவரில் மூன்று தட்டு தட்டினாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து படுத்திருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு குரலைத் தணித்துக்கொண்டு போனில் பேசினார்.